தும்பைப்பாறையின் கடற்சுவர்

தும்பைப்பாறை கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரத்து இருநூறு அடி உயரத்தில் இருக்கிறது. போடியிலிருந்து எட்டு கிலோமீட்டர், மலை அடிவாரம். இங்கிருந்து கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடலைப் பார்க்க அரை நாள் பஸ்சில் உட்கார்ந்தாக வேண்டும். ஊரில் பாதிப் பேர் அஸ்தி கரைக்கப் போனபோது கடலைப் பார்த்தவர்கள். மீதிப் பேருக்கு இன்னும் அந்த அவசியம் வரவில்லை. இப்படிப்பட்ட ஊருக்கு நானூறு அடி நீளத்தில் கடற்சுவர் எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். ரேணுகா மனு எழுதியதால் வந்தது.

ரேணுகா கீழத்தெருவில் ஏலக்காய் பொறுக்கும் ஷெட் வைத்திருப்பவர். மலையில் பறித்து, அனல் காட்டி உலர்த்தி, மூட்டையாக ஜீப்பில் இறங்கி வரும் காயை இருபத்திரண்டு பெண்கள் மேசையில் கொட்டி, வெடித்தது, வெளுத்தது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் கழித்து, பச்சை மாறாத உருண்டைக் காயைத் தனியே எடுப்பார்கள். போடியில் ஏலம் போடும் வியாபாரிகள் அவரிடம் காயைக் கொடுப்பதற்கு ஒரே காரணம், அந்த ஷெட்டில் காய் நனைந்ததே கிடையாது. நனைந்த காய் வெளுத்துவிடும். ஒரு தடவை ‘தண்ணி ஏறுன ஷெட்டு’ என்று பெயர் விழுந்தால் அப்புறம் மூட்டை வராது. மூட்டை வராவிட்டால் இருபத்திரண்டு பேரும் பழையபடி விடியுமுன் ஜீப்பேறி மலைக்குப் போக வேண்டும். எட்டு வருஷமாக அவர்களை அந்த ஜீப்பிலிருந்து இறக்கி வைத்திருப்பது இந்தத் தகரக் கூரைதான்.

போன கார்த்திகையில் செவ்வோடை பெருகி ஷெட்டின் வாசற்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ரேணுகா அரைப் பக்கத்தில் மனு எழுதினார். ஓடையைத் தூர்வாரிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

பேரூராட்சித் தலைவர் உக்கிரபாண்டி அந்த மனுவைப் படித்து நெகிழ்ந்து போனார். தூர்வாருவது பொக்லைன் ஓட்டுகிறவன் சோலி. தலைவராகப்பட்டவர் செய்ய வேண்டியது பெருந்திட்டம். உடனே ‘மழைநீர் வடிகால் மற்றும் வெள்ளத் தடுப்புப் பெருந்திட்டக் குழு’ அமைக்கப்பட்டது. குழுவில் தலைவரோடு சேர்த்து ஐந்து பேர். ஐந்து பேரும் ஏலக்காய் வியாபாரிகள். தண்ணீரைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது, அது காயில் படக் கூடாது என்பது மட்டும்.

மூன்று அறிக்கைகள் வந்தன. குழு அவற்றைத் தனக்குத் தெரிந்த முறையில் பரிசீலித்தது. காய் ஏலத்தில் மாதிரிப் பாக்கெட்டைக் கிழித்துத் தட்டில் கொட்டுவார்கள், உள்ளங்கையில் அள்ளி எடை பார்ப்பார்கள், நிறம் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், அதற்குள் விலை மனதில் விழுந்துவிடும். முப்பது வருஷமாக அதில் உக்கிரபாண்டியின் கணிப்பு தப்பியதில்லை. அதே எவர்சில்வர் தட்டுகளில் மூன்று அறிக்கைகளும் அவர் கடை மேசையில் வைக்கப்பட்டன.

முதலாவது, அருள்மொழி என்ற பொறியாளர் எழுதியது. பக்கத்துத் தேவாரம் ஊரைச் சேர்ந்த பெண், இரண்டு வாரம் முட்டளவு சேற்றில் நடந்து ஓடையை மேலிருந்து கீழ்வரை அளந்தவர். பன்னிரண்டு பக்கம். மலையடியில் நாற்பது அடி அகலமாக இறங்கும் ஓடை, தலைவருடைய காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் வரும்போது பதினோரு அடியாகச் சுருங்குகிறது, ஸ்டோரின் பின்சுவரை எடுத்துவிட்டுச் சாலைக்கடியில் இருக்கும் பாலத்தைப் பெரிதாக்கினால் போதும் என்று எழுதியிருந்தார்.

உக்கிரபாண்டி அதை இரண்டு விரலால் தூக்கினார். “சன்னக் காயி,” என்றார். “கையில நிக்கவே மாட்டேங்குது.” தட்டு நகர்ந்தது.

இரண்டாவது கோயம்புத்தூரிலிருந்து வந்தது. நூற்றிருபது பக்கம். அச்சு மங்கலாக இருந்தது. “நெறம் வெளுத்திருச்சு” என்று மற்ற நான்கு உறுப்பினர்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மூன்றாவதைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. அறுநூற்று நாற்பது பக்கம், கெட்டி அட்டை, அட்டையில் பளபளக்கும் பச்சை. தராசில் வைத்தார்கள். இரண்டே முக்கால் கிலோ. தலைவர் நடுவில் திறந்து முகர்ந்து பார்த்தார். புது மை வாசனை மூக்கில் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டார். கடித்துப் பார்க்காதது ஒன்றுதான் குறை.

“இதுதான்டா காயி.”

அதைக் கொண்டுவந்தவன் ராஜ்கமல். ராசிங்காபுரத்துப் பையன், உக்கிரபாண்டிக்குத் தங்கை மகன். பன்னிரண்டு வருஷமாகக் கடற்கரை நகரமொன்றில் ‘நெய்தல் ஆலோசனை நிறுவனம்’ என்ற இடத்தில் வேலை பார்க்கிறான். அந்த நகரத்தின் வெள்ளத் தடுப்புத் திட்டம் அவர்கள் போட்டதுதான். நகரம் இப்போதும் வருஷா வருஷம் மூழ்குகிறது; ஆனால் திட்டப்படி மூழ்குகிறது என்பதில் ராஜ்கமலுக்குப் பெருமை. பேச்சுக்குப் பேச்சு “எங்க கோஸ்ட்டல் சிட்டியில” என்பான். ஊருக்கு வந்தால் மலைக்காற்று உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, உப்புக்காற்று இல்லாமல் மூச்சு முட்டுகிறது என்று சொல்லிக் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொள்வான்.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் பெரிய திரை. அதில் அலை அலையாக வந்து ஒரு சுவரில் மோதித் திரும்பியது. முன் வரிசைப் பெண்கள் சேலையை இழுத்துக் காலை மேலே தூக்கிக்கொண்டார்கள். உக்கிரபாண்டி அதைப் பார்த்து மகிழ்ந்தார், விழிப்புணர்வு ஏற்பட்டுவிட்டது.

ரேணுகா அந்தப் பச்சை அறிக்கையை நூலகத்தில் உட்கார்ந்து நான்கு நாள் படித்திருந்தார். கழிவைப் பொறுக்கியே பழகிய கண். கையைத் தூக்கினார்.

“அண்ணே, எரநூத்திப் பதினாலாம் பக்கத்துல, ‘தும்பைப்பாறைத் துறைமுகத்துக்கு வடக்கே உள்ள மீனவர் குடியிருப்புகள்’னு போட்டிருக்கு. துறைமுகம் எங்கண்ணே இருக்கு?”

மண்டபம் சிரித்தது. ராஜ்கமல் சிரிக்கவில்லை. ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டான்.

“அக்கா, திட்டம்ங்கிறது இன்னிக்கு இருக்கிறதுக்குப் போடுறதில்ல. ஐம்பது வருசத்துக்குப் பெறகு இருக்கப்போறதுக்குப் போடுறது. கடல் மட்டம் வருசா வருசம் ஒசந்துக்கிட்டே வருது. ஒலகமே அதைத்தான் பேசுது.”

“ஆயிரத்தி எரநூறு அடி ஒசந்து வருமா?”

“வராதுன்னு எழுதித் தருவீங்களா?”

ரேணுகாவால் எழுதித் தர முடியவில்லை. கூட்டம் கைதட்டியது.

அவருக்குப் பக்கத்திலிருந்த சுருளியம்மாள் எழுந்தார். ஷெட்டில் மூன்றாவது மேசையில் பொறுக்குகிறவர். வாய்க்குப் பூட்டு கிடையாது. “ஏ அப்பு, கடலு இம்புட்டுத் தூரம் ஏறி வந்தா மதுரை என்னாகும்?”

“மதுரைக்கு அவங்க திட்டம் போட்டுக்குவாங்க, ஆத்தா. நாம நம்ம ஊரப் பாப்போம்.”

“அது சரி. வெள்ளம் மலையில இருந்துதான வருது? சுவரக் கெழக்கால கட்டுறீக. தண்ணி தெருவுக்குள்ளயே நின்னுக்கிருமே?”

இந்தக் கேள்விக்கு உக்கிரபாண்டியே பதில் சொன்னார். கடல் கிழக்கே இருக்கிறது. கடற்சுவரை மேற்கே கட்டினால் பார்க்கிறவன் சிரிப்பான். அறுநூற்று நாற்பது பக்கம் படித்தவனுக்குத் திசை தெரியாதா? தேனி மாவட்டத்திலேயே கடல் மட்ட உயர்வுக்குத் தயாராகிற முதல் ஊர் தும்பைப்பாறை. இதில் குறுக்கே நிற்பவர்கள் ஊரின் வளர்ச்சி பிடிக்காதவர்கள். ரேணுகாவின் மனு ஏற்கப்பட்டுவிட்டதாகவும் இனி அவருக்கு வருத்தம் இருக்க நியாயமில்லை என்றும் தீர்மானத்தில் எழுதிக்கொண்டார்கள். பிறகு எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள்.

சுவர் ஆறு மாதத்தில் எழுந்தது. கீழத்தெருவின் கிழக்கு முனையில், ரேணுகாவின் ஷெட்டை ஒட்டி, ஏழடி உயரம். அதுவரை ஓடைத் தண்ணீர் பெருகினால் தெருவைத் தாண்டி அந்தப் பக்கத்துச் சோளக்காட்டில் இறங்கிப் போய்விடும். இனி போகாது. சுவரின் நடுவில் ஓர் இரும்பு ஷட்டர், ஷட்டருக்கு மேலே ஓர் அறை, அறைக்கு மேலே கடலைப் பார்ப்பதற்கு ஒரு மேடை. மேடையில் நின்றால் சோளக்காடும், அதற்கப்பால் தென்னந்தோப்பும், அதற்கப்பால் செல்போன் கோபுரமும் தெரியும்.

திறப்பு விழாவன்று ராமேஸ்வரத்திலிருந்து இரண்டு பிளாஸ்டிக் கேனில் கடல்நீர் கொண்டுவந்து, சுவரின் வெளிப்புறத்தில் ஊற்றிப் பரிசோதித்தார்கள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ராஜ்கமல் கண் கலங்கினான். தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதை எடுத்து ராஜ்கமலுக்குப் போர்த்தினார். அவன் அதை எடுத்துச் சுவருக்குப் போர்த்தினான்.

ஷட்டருக்குக் காவலாக அமாவாசை என்பவர் நியமிக்கப்பட்டார். பேரூராட்சியில் குழாய் திறந்துவிடும் தற்காலிக ஊழியர். பத்து வருஷமாக நிரந்தரமாவதற்குக் காத்திருப்பவர். இந்த ஷட்டரை ஒழுங்காகக் காத்தால் நிரந்தரமாக்குவதாகத் தலைவர் சொல்லியிருந்தார். அமாவாசை சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். அறையின் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தது. கடல் எந்த நாளில் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும் என்ற அட்டவணை. கடல் ஏறும்போது ஷட்டரை மூட வேண்டும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கடல் கொந்தளிக்கும் காலம் என்பதால் எந்நேரமும் மூடியே இருக்க வேண்டும். அதாவது தும்பைப்பாறையில் மழை பெய்கிற மூன்று மாதமும்.

ஐப்பசி பிறந்ததும் ரேணுகா போய்க் கேட்டார். “அமாவாசண்ணே, மழை வந்தா தொறந்து விட்ருவீகள்ல?”

“எனக்கென்ன வேண்டுதலா, ரேணுகா? கடல் எறங்குச்சுன்னா தொறந்துரப்போறேன்.”

“எந்தக் கடலுண்ணே?”

அமாவாசை அட்டவணையைக் காட்டினார். அவர் அதைத் தினமும் பார்க்கிறவர். கொஞ்ச நாளாக அவருடைய நடையே மாறியிருந்தது. டீக்கடையில் டீ வர நேரமானால், “வெரசா கொண்டாப்பா, ஏத்தம் ஆரம்பிக்கப் போகுது” என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

கார்த்திகை இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை. காலையிலேயே மலை தெரியவில்லை. பதினோரு மணிக்கு மலைமேல் எஸ்டேட்டிலிருந்து ஒருத்தி ரேணுகாவுக்குப் போன் பண்ணினாள்: “அக்கா, இங்ஙன ஊத்து ஊத்துன்னு ஊத்துது. ஓடை செவப்பா எறங்குது. காயத் தூக்கி வச்சிருங்க.” பன்னிரண்டரைக்கு ஓடை ஊருக்குள் வந்தது. தலைவருடைய ஸ்டோருக்குப் பின்னால் வந்து நெருக்கப்பட்டு, கரையேறி, கீழத்தெருவில் திரும்பி, நேராக ஓடி, கடற்சுவரில் போய் முட்டி நின்றது. நின்று, மெதுவாகப் பின்னால் ஏறத் தொடங்கியது.

ஷெட்டில் அன்று நாற்பத்தியொரு மூட்டை இருந்தது. இருபத்திரண்டு பெண்களும் மூட்டைகளை மேசை மேல் ஏற்றினார்கள். மேசை நிறைந்ததும் மேசை மேல் மேசை போட்டார்கள். தண்ணீர் வாசற்படியைத் தாண்டிச் சிமெண்டுத் தரையில் நாக்கு நீட்டியது. இரண்டு மூட்டைகளின் அடி நனைந்துவிட்டது. சுருளியம்மாள் அவற்றை இழுத்துப் படியில் கிடத்தித் தண்ணீருக்கு அணையாகப் போட்டார். அணை எவ்வளவு நேரம் தாங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மேசைக் கால் இரண்டரை அடி. தண்ணீர் கால்மணிக்கு அரையடி ஏறிக்கொண்டிருந்தது. ரேணுகா கணக்குப் போட்டார். ஒன்றேகால் மணி நேரம் இருந்தது.

சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு ஷட்டர் அறைக்கு ஓடினார். சுருளியம்மாளும் பின்னால் ஓடினார்.

மேடையில் உக்கிரபாண்டி குடையோடு நின்றிருந்தார். பக்கத்தில் ராஜ்கமல். இரண்டு பேரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கே சோளக்காடு மழையில் நனைந்தபடி அமைதியாக இருந்தது.

“பாத்தியா மாப்ளே,” தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார், “ஒரு அல வரல. சொவருன்னா இது சொவரு.”

“அண்ணே!” என்று கீழேயிருந்து ரேணுகா கத்தினார். “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிப் பாருங்க!”

தலைவர் திரும்பினார். தெரு முழுக்கச் செம்மண் தண்ணீர். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அவர் வீட்டுப் பக்கமாக மிதந்து போனது.

“இது மழத்தண்ணி, ஆத்தா,” என்றார் ஆறுதலாக. “கடல் இல்ல. பயப்படாத.”

“எந்தத் தண்ணியா இருந்தா என்ன, ஷட்டரத் தொறக்கச் சொல்லுங்க. ஷெட்டுக்குள்ள ஏறிருச்சு. நாப்பத்தியொரு மூட்ட இருக்கு!”

அமாவாசை அறை வாசலில் இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அட்டவணப்படி இன்னிக்கு எறக்கம் சாயங்காலம் ஆறே காலுக்குத்தான்...” என்று இழுத்தார்.

“வேட்டிய உருவிச் சாவிய எடுத்துருவேன்யா!” என்று சுருளியம்மாள் படியேறினார். அமாவாசை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ராஜ்கமல் பையிலிருந்து பச்சை அறிக்கையை எடுத்தான். மழையில் நனையாமல் அதற்குத் தனியாக ஒருவன் குடை பிடித்தான். “அப்படியெல்லாம் தொறக்க முடியாதுக்கா. எங்க கோஸ்ட்டல் சிட்டியில இதுக்கு வெதிமொற இருக்கு. நேரங்கெட்ட நேரத்துல தொறக்கணும்னா, கடலோரத்துல குடியிருக்கிற பொறுப்பான மீனவர் ஒருத்தர், கடல் உள்வாங்கிருச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் தரணும். இங்க மீனவர் யாரும் இல்லியே.”

சுருளியம்மாள் வாய்க்கு வந்ததைச் சொன்னார். அச்சில் ஏற்ற முடியாதது. ரேணுகா அந்தப் பச்சை அட்டையைப் பார்த்தார். இவர்களிடம் தண்ணீரைப் பற்றிப் பேசிப் பிரயோசனம் இல்லை. கடலைப் பற்றித்தான் பேச வேண்டும்.

“நான் தர்றேன்,” என்றார்.

“நீங்க மீனவரா?”

“எங்க ஷெட்டுக்குள்ள இப்ப மூணு கெண்ட ஓடுது. வந்து பாருங்க.”

“கடலோரத்துல குடியிருக்கணும்.”

“இது என்ன சொவரு?”

“கடற்சுவர்.”

“சொவருக்கு அடுத்தாப்ல யாரு ஷெட்டு?”

ராஜ்கமல் பக்கத்தைப் புரட்டினான். முன்னும் புரட்டினான், பின்னும் புரட்டினான். கடற்சுவரிலிருந்து நூறு மீட்டருக்குள் இருப்பவர் கடலோரவாசி என்று அவர்களே எழுதியிருந்தார்கள். மாமனைப் பார்த்தான். மாமன் மிதந்து வரும் இன்னொரு நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் வீட்டு நாற்காலி மாதிரி இருந்தது.

“இருக்கிறதா எடுத்துக்கலாம்,” என்றான்.

காகிதம் வந்தது. அச்சடித்த படிவம், கடற்கரை நகரத்தில் மிஞ்சியதைக் கட்டாகக் கொண்டுவந்திருந்தார்கள். ரேணுகா குனிந்து, முதுகால் மழையை மறைத்துக்கொண்டு, பெயர், முகவரி எழுதினார். படகு எண் என்ற இடத்தில் ஷெட்டின் மின் இணைப்பு எண்ணை எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. உள்வாங்கிய கடலின் பெயர்.

“எந்தக் கடலுன்னு போடணும்?”

இங்கே கருத்து வேறுபாடு எழுந்தது. சுவர் கிழக்கே இருப்பதால் வங்காள விரிகுடா என்றான் ராஜ்கமல். உள்ளேயிருந்து ஜன்னலைத் திறந்து அமாவாசை தலையை நீட்டினார்: தூரம் என்று பார்த்தால் கேரளத்துப் பக்கம்தான் கிட்டே, அரபிக் கடல் என்று போடுவதே முறை. எஸ்டேட்டில் இருந்தபோது கொச்சிக்குப் போயிருக்கிறார், அவருக்குத் தெரியும். இரண்டையும் போடலாமா என்று குடை பிடித்தவன் கேட்டான். இரண்டு கடலும் ஒரே நேரத்தில் உள்வாங்கினால் அது சுனாமி அறிகுறி, அதற்கு வேறு படிவம் என்றான் ராஜ்கமல்.

“ஏண்டா பாவிகளா,” என்றார் படியிறங்கி நின்ற சுருளியம்மாள். தண்ணீர் அவர் தொடையில் இருந்தது.

“அண்ணே, நீங்க சொல்லுங்க,” என்றார் ரேணுகா. “எதையாச்சும் ஒண்ணச் சொல்லுங்க. பொம்பளைக அங்க மேச மேல நிக்கிதுக.”

உக்கிரபாண்டி யோசித்தார். ஏல மையத்தில் கடைசி விலை கேட்கும் முகம் வந்தது.

“ரெண்டுல எது பெருசு?”

“அரபிக் கடல், மாமா.”

“அதப் போடு.”

போட்டார். ரேணுகா கையெழுத்தும் போட்டார். அமாவாசை படிவத்தை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, நேரம் குறித்து, மடித்து, சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தார். அது துருப்பிடித்திருந்தது. ரேணுகாவும் சுருளியம்மாளும் கூடச் சேர்ந்து திருப்பினார்கள். ஷட்டர் முனகிக்கொண்டு இரண்டடி எழுந்தது. அவ்வளவு போதும். ஓடைத் தண்ணீர் காலங்காலமாகத் தான் போகும் சோளக்காட்டைப் பார்த்ததும் யாரிடமும் படிவம் கேட்காமல் பாய்ந்து இறங்கியது.

நாற்பது நிமிஷத்தில் ஷெட்டின் தரை தெரிந்தது. முப்பத்தொன்பது மூட்டை தப்பியது. படியில் அணையாகக் கிடந்த இரண்டும் கஞ்சியாகிவிட்டன. அவற்றின் சொந்தக்காரர்களான தேவாரத்து வியாபாரிகளுக்கு ரேணுகா ஈரக் கையோடு போன் பண்ணி உள்ளதைச் சொன்னார். ஒருவர் சரி தாயி என்றார். இன்னொருவர், “தண்ணி ஏறிருச்சா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அந்த ஒரு கேள்விதான் ரேணுகா எட்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்த கேள்வி.

மறுநாள் பத்திரிகைச் செய்தி வேறு மாதிரி இருந்தது. கடல் சீற்றத்திலிருந்து தும்பைப்பாறை தப்பியது. சுவரைத் தாண்டி ஒரு துளிக் கடல்நீர்கூட ஊருக்குள் வரவில்லை. அரபிக் கடல் பிற்பகல் ஒன்று ஐம்பதுக்கு உள்வாங்கியதும் ஷட்டர் திறக்கப்பட்டது. உக்கிரபாண்டி மேடையில் நின்று கிழக்கே கை நீட்டும் படம் போட்டிருந்தார்கள். வேறு இரண்டு மலையூர்த் தலைவர்கள் சுவரைப் பார்வையிட வருவதாகவும் கேள்வி. ஒருவர் ஊர் இன்னும் மேலே, ஐயாயிரம் அடியில் இருக்கிறது. அவருக்குச் சுவரோடு படகுத்துறையும் வேண்டுமாம்.

ரேணுகா பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனார். மார்கழி முடியும் வரை ஷட்டரைத் திறந்தே வையுங்கள் என்று கேட்டார். தலைவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். திட்டத்தில் கை வைக்க முடியாது. ஒரு பக்கத்தில் கை வைத்தால் அறுநூற்று நாற்பதும் கலைந்துவிடும்.

“ஆனா சான்றிதழ் குடுத்தா தொறக்கலாம், அப்படித்தானண்ணே?”

“தாராளமா. அது வெதிமொறைல இருக்குல்ல.”

“ஒரு நாளைக்கு ஒண்ணா?”

“ஒண்ணு குடுத்தா ஒரு நாளு தொறந்திருக்கும்.”

ரேணுகா எழுத்தரிடம் படிவக் கட்டை வாங்கினார். எண்ணிப் பார்த்து ஐம்பது எடுத்துக்கொண்டார். ஷெட்டில் மேசையைத் துடைத்து, காயைத் தள்ளி வைத்துவிட்டு, இருபத்திரண்டு பெண்களும் உட்கார்ந்து எழுதினார்கள். சிலருக்குக் கையெழுத்து வந்தது, சிலருக்குப் பெருவிரல். அனுசியா என்ற பெண்ணுக்கு எழுத்து அழகாக இருந்ததால் கடலின் பெயர் எழுதும் சோலி அவளுக்கு. நாற்பதாவதில் கை வலிக்க, “எக்கா, அரபிக் கடலுக்குப் பதிலா வேற சின்னப் பேரா ஏதும் இல்லியா?” என்று கேட்டாள்.

“சும்மா எழுதுடி,” என்றார் சுருளியம்மாள். “சின்னதுன்னா தலைவருக்குப் பிடிக்காது.”

போனை வைத்துவிட்ட தேவாரத்து வியாபாரி அப்புறம் மூட்டை அனுப்பவில்லை. மற்றவர்கள் அனுப்பினார்கள். ஒருவர் நேரில் வந்து, தரையைக் காலால் தேய்த்துப் பார்த்து, இனி தண்ணீர் ஏறாது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டார். ரேணுகா படிவக் கட்டைக் காட்டினார். அவர் படித்தார், ரேணுகாவைப் பார்த்தார், மறுபடி படித்தார், பிறகு ஜீப்பிலிருந்து ஆறு மூட்டையை இறக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து வேலைக்கு வரும் வழியில் ஒருத்தி ஷட்டர் அறையில் ஏறி ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டு வருவாள். அமாவாசை அதை வாங்கி, வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, சக்கரத்தைத் திருப்புவார். அந்தக் கார்த்திகையும் மார்கழியும் தும்பைப்பாறையில் அரபிக் கடல் தினமும் காலை ஒன்பதரை மணிக்கு உள்வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் கிடையாது என்பதால் சனிக்கிழமை இரண்டு தடவை உள்வாங்கும்.